நாலு பேருக்குச் சொல்லு

என் அண்ணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவர்கள் கையில் ஏதாவது ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். கைப்பை, கடிகாரம், பூச்செண்டு என்று ஆளுக்கொன்று. அண்ணி எதையும் தொடமாட்டாள். "அதெல்லாம் வேணாம். நாலு பேருக்குச் சொல்லு, அது போதும்" என்பாள். அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேருக்குச் சொல்லித்தான் அவள் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலே ஓடியது. முதலாளி விளம்பரத்துக்கென்று வைத்தது வாசலில் ஒரே ஒரு பலகை. அதிலும் எழுத்துப் பிழை.

நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயைத் திறந்தால் அண்ணியைப் பற்றிக் குறைதான் வரும் என்று உலகம் காத்திருக்கிறது. காத்திருப்பவர்களை ஏமாற்றுவானேன், சொல்கிறேன். சத்தமாகப் பேசுவாள். பாத்திரத்தை வைக்கமாட்டாள், போடுவாள். நாம் ஒரு கதையைப் பாதி சொல்லும்போதே முடிவை அவள் சொல்லிவிடுவாள். அவள் வாயில் எதுவும் தங்காது என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் ஆறு வருடமாக அந்த வாயில் தங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

அண்ணிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என் அண்ணன்தான். அவள் அந்த ஸ்கூலில் முதலில் சேர்ந்தது மேஜை வேலைக்கு. அங்கே இருந்த மாஸ்டர், கற்றுக்கொள்ள வரும் பெண்களை அழவைத்துத்தான் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அழுதுகொண்டு வெளியே வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தே சலித்துப்போன அண்ணி, நானே கற்றுக்கொடுத்தால் என்ன என்று ஒருநாள் வீட்டில் கேட்டாள். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. நண்பன் ஒருவனின் காரைக் கேட்டு வாங்கி வந்து அவளை உட்காரவைத்தான். முதல் நாளே எங்கள் கேட் தூண் ஒன்று சாய்ந்தது. "தூண்தான் வழியில நின்னுச்சு, நீ என்ன பண்ணுவ" என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் தூணை அவனே பூசினான்.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் அவன் பெயர் பஞ்சு. அவன் பிரேக் போட்டால் பஸ் நின்றதே தெரியாது. அவன் பஸ்ஸில் நின்றுகொண்டே நகப்பூச்சு போடலாம் என்று வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள். சிலர் முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருப்பார்கள். அண்ணிக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் நிறைய பெருமையும் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவனுக்குக் கண்ணில் கூச்சம் வந்தது. எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, எதுவுமே தெரியவில்லை என்றான். எனக்கு வேலை கண்ணாடிக் கடையில். ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், மூக்குக்கும் காதுக்கும் பொருந்த வளைத்துக் கொடுப்பதும் என் வேலை. உள்ளே ஒரு கண் டாக்டர் உண்டு. அண்ணனை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். டாக்டர் இருக்கிற மெஷினில் எல்லாம் அவன் தாடையை வைத்துப் பார்த்தார். பவர் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கூசுகிறது என்று ஒருவன் சொன்னால், இல்லை என்று சொல்ல மெஷின் கிடையாது. லேசான பழுப்பு நிறத்தில் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். ஃபிரேமை நான் தேர்ந்தெடுத்தேன். டிப்போவில் அவனை பஸ்ஸை விட்டு இறக்கி, வண்டிகள் போகிற வருகிற நேரம் குறிக்கும் டைம் கீப்பர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தூங்கும் நேரம் தவிர அந்தக் கண்ணாடியை அவன் கழற்றியதே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் தொடங்கியது. காலையில் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அண்ணிதான் ஓட்டிக்கொண்டு போவாள். எங்கே என்று கேட்டால் காற்று வாங்க என்பாள். வீட்டில் இல்லாத காற்றா என்று நான் கேட்பேன். கல்யாணம் எனக்கு ஒத்துவராமல் போய், அண்ணன் வீட்டு மாடி அறையில் இருப்பவள் நான். இந்த வயதில் இவர்கள் புதுமாப்பிள்ளை புதுப்பெண் மாதிரி கிளம்புவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும்.

இனி எங்கள் வீட்டுக்குள் ஒரு பாட்டு வந்த கதைக்கு வருகிறேன். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு எமன் மேடுதான். டெஸ்ட் கிரவுண்டில் அதற்கென்றே ஒரு ஏற்றம் கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் காலைப் பிடித்து வைக்க வேண்டும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பயந்தவன் காலைச் சட்டென்று எடுப்பான், வண்டி குதித்து அணைந்துவிடும். அண்ணி இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். மேட்டில் நிற்கும்போது பாடச் சொல்வாள். பாடுகிறவனால் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது, மூச்சு ஓடினால் கால் விறைக்காது என்பது அவள் கணக்கு. பாட்டு வராதவர்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். ஒரு பேங்க் மேனேஜர் தன் பேங்க் விளம்பரத்தையே பாடிக்கொண்டு ஏறினாராம்.

அப்படி ஒருநாள் மேட்டில் பாடியவள்தான் அந்தப் பெண். கூரியர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லி உடம்பு, வாயில் பாதிச் சொல்தான் வெளியே வரும். பாடு என்றதும் பாடினாள். வண்டி அணைந்துபோனது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை, யாருடைய பாட்டு இது என்று கேட்டாள். "என்னோடதுதான்க்கா" என்றாள் அந்தப் பெண். தன் அறையில் தானே கிடார் வாசித்து, பீரோ கதவைத் தட்டி அதையே தாளமாக்கி, தானே பாடி, தானே பதிவு செய்து போனில் ஏற்றுகிறாளாம். பாடகிக்குப் பெயர் 'ஒத்தை ஆள்'. சின்னச் சின்ன இடங்களில் பாடக் கூப்பிடுகிறார்கள், சாமான்களை ஏற்றிக்கொண்டு தனியாகப் போகத்தான் டிரைவிங். அவள் பாட்டுகளை அதுவரை கேட்டவர்கள் அவளுடைய ஆபீஸ்காரர்களும், தவறிப்போய் விரல் பட்டவர்களும்தான்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் காதில் வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் மறந்துவைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றிய பாட்டு. யோசித்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் கேட்டு முடித்ததும் நான் என் செருப்பு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணன் அதை மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டான். அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அண்ணிக்கு அதே வேலை. லைசென்ஸ் வாங்கியவர்களிடம், "எனக்கு எதுவும் வேணாம், இந்தப் பொண்ணு பாட்டை நாலு பேருக்குச் சொல்லு" என்று போனைப் பிடுங்கி, அவளே சப்ஸ்கிரைப் செய்து திருப்பிக் கொடுப்பாள். காரில் வேறு பாட்டு கிடையாது. டெஸ்ட் எடுக்க வரும் அதிகாரி, சிரித்தே பார்த்திராத மனிதர், ஒருநாள் ஜன்னல் பக்கம் குனிந்து அந்தப் பாட்டை அனுப்பிவையுங்கள் என்றாராம். எங்கள் கடையில் லென்ஸ் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த டிவியில் 'ஒத்தை ஆள்' பாட ஆரம்பித்தாள். டிப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் அண்ணனே போட்டுவிட்டான். அண்ணி எந்தக் கட்சியில் சேர்ந்தாள் என்று தெரியாமல் அக்கம்பக்கத்தில் முழித்தார்கள்.

முதல் கச்சேரியைக்கூட அண்ணிதான் நடத்தினாள், ஸ்கூல் கார்கள் நிற்கும் ஷெட்டில். விளக்குக்கு வழியில்லை. அண்ணன் இரண்டு கார்களை எதிரெதிரே நிறுத்தச் சொல்லி, ஹெட்லைட் வெளிச்சத்தையே மேடையாக்கினான். வெளிச்சம் அவள் முகத்தில் சரியாக விழுகிறதா என்று, அவள் நிற்க வேண்டிய இடத்தில் தானே நின்று, விளக்கைப் பார்த்துக்கொண்டு கையை இப்படி அப்படி என்று காட்டினான். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்தான். கூசவில்லையா அண்ணா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் குப்பை கொட்டி என்ன புண்ணியம்.

பாட்டில் ஏறிக்கொண்டே போனவள் மேட்டில் மட்டும் ஏறவில்லை. இரண்டு தரம் டெஸ்டில் தோற்றாள். மூன்றாவது டெஸ்டுக்கு முன்னால், மேட்டின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாளாம். எனக்கு மட்டும்தான் இந்தப் பயம், நான் ஒரு தண்டம் என்றாளாம். அங்கேதான் அண்ணி வாயைத் திறந்தாள். டிரைவிங் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. உன்னைவிடப் பயந்தவர்களை எனக்குத் தெரியும் என்று ஒரு கதை சொல்வார்கள், அழுகிறவளுக்கு அது மருந்து மாதிரி. எப்போதும் முகம் தெரியாத யாரோ ஒருவர் கதையைத்தான் அண்ணி சொல்வாள். அன்று வீட்டுக்குள் இருந்த கதையை எடுத்துச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே அழுதாளாம். இது உனக்கும் எனக்கும் நடுவில் என்று அண்ணி சொன்னதற்கு, தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாளாம். மறுநாள் பாடிக்கொண்டே மேடேறி லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பிறகு. முதலில் பாட்டு வந்தது.

டிப்போ டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கடையில்தான் கண் பரிசோதனை. அன்று காலை பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவன் அண்ணன். அன்றைக்குத்தான் 'ஒத்தை ஆள்' புதுப்பாட்டு வெளியிடுகிறாள். அக்காவுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்று அந்தப் பெண் போன் செய்திருந்தாளாம். அண்ணி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு நடுவே எங்கள் கடைக்கு ஓடி வருவதாகச் சொன்னாள், நான் வருவதற்குள் போட்டுவிடாதீர்கள் என்றாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவன்தான் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் பாட்டைப் போட்டான். சத்தத்தையும் கூட்டினான்.

பாட்டின் பெயர் 'ஹாஃப் கிளட்ச்'. டிரைவர்களுக்கு ஒரே சிரிப்பு. நம்ம தொழிலுக்கும் பாட்டு வந்துவிட்டது என்று ஒருவர் தொடையில் தாளம் போட்டார். முதல் அடியில் பஞ்சு போல பஸ்ஸை நிறுத்துகிற ஒருவன் வந்தான். எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "யோவ் பஞ்சு, உன்னத்தான்யா பாடுறா" என்றார்கள். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தான். இதுதான் சர்ப்ரைஸ் என்று நானும் நினைத்தேன். அடுத்த அடியில் ஒரு குடை வந்தது. மேட்டு நிறுத்தத்தில் பஸ் ஓரடி பின்னால் உருண்டு, யாரோ கீழே வைத்திருந்த குடை நசுங்கி, அந்தச் சத்தம் எலும்பு உடைந்த மாதிரி அவன் காதில் கேட்டது. இறங்கிப் பார்த்தால் வெறும் குடை. அது நடந்ததுதான். குடையைக் கொன்றவன் என்று டிப்போவில் கொஞ்ச நாள் கேலிகூடச் செய்தார்கள். தொடையில் தாளம் போட்ட கை நின்றது.

குடை நசுங்கிய நாளிலிருந்து அவன் காலால் கிளட்ச்சை விட முடியவில்லை என்று பாட்டு சொன்னது. செத்தது யாருமில்லை, பயந்தேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, அதனால் கண்ணைச் சொன்னான் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத மைதானத்தில் அவனுடைய மனைவி அவனுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுக்கிறாள் என்றது. பிறகு எல்லா வாத்தியமும் நின்று, குரல் மட்டும் தனியாக வந்தது.

"கண்ணு கூசல, நான்தான் கூசுறேன்."

அந்த அடியை அவள் நாலு தரம் பாடினாள்.

கடையில் எல்லோரும் என் அண்ணனின் பழுப்புக் கண்ணாடியையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் துடைத்து, திருகு முடுக்கி, மூக்குத் தாங்கி மாற்றிக் கொடுத்த கண்ணாடி. அவன் டிவியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். அங்கே அண்ணி வந்து நின்றிருந்தாள். வெளியிலிருந்தே பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்த சிரிப்பு முகத்தில் பாதி அப்படியே இருந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, என் மேஜையில் வைத்தான். "இத நீயே வச்சுக்க. இனிமே யாருக்குக் காட்டப் போறேன்" என்றான். அண்ணியைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். தோள் படாமல் ஒதுங்கிப் போனான்.

அண்ணி அங்கேயே, கடை வாசலிலேயே நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டது தெரியாமல் போட்டுவிட்டாள், எனக்கும் கேட்டது. அக்கா கேட்டீங்களா, எப்படியிருக்கு என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தாள். குரலில் அத்தனை சந்தோஷம். அண்ணி கேட்டதும் அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பெயரே போடவில்லையே அக்கா என்றாள். எத்தனை பேர் கேட்டுவிட்டு அழுகிறோம் என்று எழுதுகிறார்கள் தெரியுமா, உங்களைக் கொண்டாடித்தானே எழுதினேன் என்றாள். வேண்டுமானால் கீழே நன்றி என்று உங்கள் பெயரைப் போடட்டுமா என்றும் கேட்டாள். பாட்டை எடுத்துவிடு என்றாள் அண்ணி. அது இனி என் கையில் இல்லை அக்கா, எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னப்ப நீ அழுத" என்றாள் அண்ணி. "அதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். நீ அழுதுக்கிட்டே மனப்பாடம் பண்ணியிருக்க."

எனக்கும் அந்தப் பெண் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று இதைத்தான் சொல்வார்கள். அவளைத் தூக்கிவைத்தவள் அண்ணி. அந்தப் பாட்டு டிப்போ வரைக்கும், கண்ணாடிக் கடை வரைக்கும், டெஸ்ட் அதிகாரி போன் வரைக்கும் வந்து சேர வழி போட்டுக் கொடுத்தவளும் அண்ணி. நாலு நாலு பேராகச் சேர்த்த கூட்டம் அத்தனையும் சேர்ந்து, ஒரே காலையில் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. இதில் என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு நல்ல பாட்டு. மோசமாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அண்ணி எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். என் அண்ணன் என்னிடமே பொய் சொல்லி, என் கையாலேயே கண்ணாடி போட்டுக்கொண்டான் என்பதில் எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. கண்ணைக் காட்டி ஏமாற்ற வேறு ஆள் கிடைக்கவில்லையா அவனுக்கு. உங்களுக்காவது தெரிந்திருந்தது, நான் ஆறு வருடமாகக் கேனச்சியாக இருந்திருக்கிறேன் என்று கத்தினேன். அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் சொன்னாள்.

வீட்டில் அண்ணி அவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள், 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை 'நீ' என்பான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நாங்கள் பார்த்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஆனால் அந்த மைதானத்தில், காருக்குள், அவளும் அவனை 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"அவரேதான் கேட்டாரு" என்றாள். "வாங்க போங்கன்னா எனக்கு வராது, மத்த ஸ்டூடண்ட சொல்ற மாதிரி என்னையும் நீன்னே சொல்லுன்னாரு. மொதல்ல எனக்கு நாக்கே வரல. அப்புறம் பழகிருச்சு. நீ விடு, நீ பாடு, நான் இருக்கேன்ல, நீ விடும்பேன். அவரு பாடுவாரு. அந்த ஒத்தச் செருப்புப் பாட்டுதான். அந்தப் பாட்ட வச்சுத்தான் சமதரையில ஓட்டவே வந்துச்சு. மேடு மட்டும்தான் பாக்கி. கண்ணு கூசல, நான்தான் கூசுறேன்னு ஒருநாள் மேட்டுல வச்சுத்தான் சொன்னாரு. அத நான் போயி..."

அண்ணன் வந்தான். ஒருவேளை கத்துவான் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை கழுவி உட்கார்ந்தான். அண்ணி தட்டு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்டான்.

என்னைத்தான் கேலியாகக் கேட்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை, அவளைக் கேட்டான். கேலியும் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மரியாதையாகக் கேட்பது போலக் கேட்டான். அண்ணி கரண்டியை மெதுவாக வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைத்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே 'நீங்க'தான். தண்ணி குடுங்க. கதவைச் சாத்துங்க. உங்களுக்கு லேட்டாகலையா. வெளியாட்கள் கேட்டால், பெண்டாட்டிக்கு என்ன மரியாதை கொடுக்கிறான் பாருங்கள் என்று மெச்சுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி மெச்சவும் செய்தாள். நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், இதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாமே அண்ணா என்றேன். அவன் யோசித்துவிட்டு, "அவங்ககிட்ட சொன்னா நாலு பேருக்குப் போயிரும், அதான் பேச்சக் கொறச்சுக்கிட்டேன்" என்றான். என்னிடம் பேசும்போதும் அவள் அவனுக்கு 'அவங்க' ஆகிவிட்டாள்.

டிப்போவில் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. பாவம் பார்த்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சுப்பா என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஸ்கூலிலோ கூட்டம் அலைமோதியது. ஒரு பேட்டியில் அந்தப் பெண் ஸ்கூலைச் சொல்லிவிட்டாள். ஹாஃப் கிளட்ச் அக்கா நீங்கள்தானே என்று கேட்டு, காருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி சந்தோஷத்தில் பலகையைப் புதிதாக எழுதினார், எழுத்துப் பிழையையும் திருத்தினார். அண்ணி காரில் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டாள். மேட்டில் யாரையும் பாடச் சொல்வதில்லை. மூச்சு விடு என்பதோடு சரி. யாராவது அழுதால் தண்ணீர் கொடுக்கிறாள், கதை எதுவும் சொல்வதில்லை. லைசென்ஸ் வாங்கியவர்கள் பொட்டலத்தோடு வந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் பழையபடி சீக்கிரம் குளித்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்து மேஜையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பாள். அவன் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வான். பத்து மணிக்கு மேல் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிடுவாள். இப்படி எத்தனையோ வாரம் போனது. இரண்டு பேரையும் சேர்த்து அந்தக் காருக்குள் தள்ளிப் பூட்டலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிறு அவள் குளித்துவிட்டு வந்தபோது மேஜையில் சாவி இல்லை. அண்ணனும் இல்லை. வாசலில் காரும் இல்லை. அண்ணி ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடினாள். ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவருக்கென்று இருக்கும் பக்கத்துப் பெடலில் யாருடைய காலும் இல்லாமல் அவன் வண்டி எடுத்து ஆறு வருடம் ஆகிறது. போன் செய்தோம், எடுக்கவில்லை. அண்ணி கேட்டுக்குப் பக்கத்தில், அவன் பூசிய அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் எதையோ முணுமுணுத்தது. கிட்டே போய்க் கேட்டேன். "நீ விடு, நான் இருக்கேன்ல, நீ விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் கார் திரும்பியது. எங்கள் தெருவே ஒரு மேடுதான். பாதி மேட்டில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வர, அவன் ஒதுங்கி நின்றான். லாரி போனதும் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் ஏறி வந்தது. வீட்டு வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை, இன்ஜின் சத்தம் அடங்கியபோதுதான் நின்றுவிட்டது என்று புரிந்தது. பஞ்சுதான்.

அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மேடு ஏறிட்டியா, டெஸ்ட் மேடும் ஏறிட்டியா என்று கேட்டாள். இத்தனை வாரத்தில் முதல்முறையாக, தெருவிலேயே, அவளையறியாமல் அவனை 'நீ' என்றாள்.

அவன் இறங்கினான். முகத்தில் கண்ணாடி இல்லை, நல்ல வெயில், கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. நாளைக்கு டிப்போவில் பஸ்ஸைத் திருப்பிக் கேட்கப் போவதாகச் சொன்னான். அவள் கையைத் தொடாமல் சாவியை அவள் உள்ளங்கையில் விட்டான்.

"ரொம்ப நன்றிங்க, நல்லாக் கத்துக்குடுத்தீங்க" என்றான். "நாலு பேருக்குச் சொல்றேன்."